நாள் முழுக்க உடம்பால் உழைத்தும் எடை ஏன் ஏறுகிறது?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்களுக்கு வயது 42. சரக்குக் கிடங்கில் 15 வருடமாக வேலை. முதல் 12 வருடம் லோடு ஏற்றி இறக்கினீர்கள், மூன்று வருடத்துக்கு முன் சூப்பர்வைசர் ஆனீர்கள். இப்போதும் உட்கார நேரமில்லை, டூட்டி முடியும்வரை நிற்பதும் நடப்பதும்தான். அப்படியிருந்தும் 74 கிலோவாக இருந்தவர் இந்த மூன்று வருடத்தில் 82 ஆகிவிட்டீர்கள். நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் உங்கள் மைத்துனரோ ஒல்லியாகவே இருக்கிறார். டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னதும் "என் வேலையே உடற்பயிற்சிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு அவர் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். வேலையில் செலவாகும் உழைப்பு எடையைக் கட்டுப்படுத்துமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: "இவ்வளவு உழைத்தும் எடை ஏறுகிறது என்றால் தப்பு என் மேலா?" இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாகத் தொழிலகங்களில் மருத்துவராக இருக்கிறேன். ஒரே ஆட்களுக்கு வருடாவருடம் பரிசோதனை செய்வதால், ஒருவரின் எடையையும் அவர் செய்யும் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. அதில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று உண்டு. கனமான வேலையிலேயே தொடர்பவர்களின் எடை பெரிதாக மாறுவதில்லை. வேலை மாறியவர்களின் எடைதான், மாறிய இரண்டு மூன்று வருடத்துக்குள் ஏறிவிடுகிறது. பதவி உயர்வு, புதிய இயந்திரம், முதுகுவலியால் கிடைத்த இலகுவான வேலை என்று காரணம் எதுவானாலும் சரி. அதனால்தான் உங்கள் கடிதத்தில் 82 கிலோவைவிட "மூன்று வருடத்துக்கு முன் சூப்பர்வைசர் ஆனேன்" என்ற வரி என் கண்ணில் முதலில் பட்டது. ஆனாலும் ஒரு டாக்டர் கண்ணால் பார்த்தது மட்டும் ஆதாரமாகிவிடாது. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

உடலுழைப்பு உள்ள வேலையையும் உட்கார்ந்து செய்யும் வேலையையும் ஒப்பிட்டதில் மிகப் புகழ்பெற்றது ஜெரமி மோரிஸ் 1953-இல் வெளியிட்ட லண்டன் பேருந்து ஊழியர் ஆய்வு. லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் டிரைவர் உட்கார்ந்தே இருப்பார், கண்டக்டர் ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறுவார். மாரடைப்பு நோய் கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. பலருக்கும் இவ்வளவுதான் தெரியும். 1956-இல் அதே குழு சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தது. டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரியது, இளம் டிரைவர்களிடம்கூட. அப்படியென்றால் வேலை அவர்களைப் பருமனாக்கியதா, பருமனாகும் வாகுள்ளவர்கள் உட்காரும் வேலைக்குப் போனார்களா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கலாம். இந்தச் சிக்கல் இன்றுவரை எல்லா ஆய்வையும் விடாமல் துரத்துகிறது. உடம்பு முடியாதவர்கள் கனமான வேலையை விட்டு விலகிவிடுவதால், அங்கே மிஞ்சியிருப்பவர்கள் இயல்பாகவே மெலிந்தவர்களாகத் தெரிவார்கள்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது, அதே 1956-இல் ஜான் மேயரும் கூட்டாளிகளும் வெளியிட்ட மேற்கு வங்காளச் சணல் ஆலை ஆய்வு. குமாஸ்தாக்கள், மேற்பார்வையாளர்கள் முதல் சுமை தூக்குபவர்கள் வரை எல்லா வகைத் தொழிலாளர்களின் எடையையும் சாப்பாட்டையும் பதிவு செய்தார்கள். நடுத்தர உழைப்பிலிருந்து கடும் உழைப்பு வரை, வேலைக்கு ஏற்பச் சாப்பாடும் கூடியது, எடை ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. உழைப்பு மிகவும் குறைந்தவர்களிடம் மட்டும் அந்தப் பொருத்தம் உடைந்திருந்தது. வேலை குறைந்தும் அவர்கள் சாப்பிடுவது குறையவில்லை, எடை கூடியிருந்தது. ஆலையில் படிநிலை மாறும்போது வருமானமும் வாழ்க்கை முறையும் சேர்ந்து மாறும் என்பதால் முழுப் பழியையும் உட்காருவதன் மேல் போட முடியாது. ஆனால் வேலை கூடினால் பசி கூடும், வேலை குறைந்தால் பசி அதே வேகத்தில் இறங்கி வராது என்ற கருத்து அதன் பிறகும் வெவ்வேறு ஆய்வுகளில் தலைகாட்டியிருக்கிறது. என் அனுபவத்திலும் இதுதான் உண்மை. லோடு இறக்கிய காலத்தில் தட்டில் எவ்வளவு விழுந்ததோ, சூப்பர்வைசர் ஆன பிறகும் அவ்வளவே விழும். அதைப் பேராசை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உடம்பும் கையும் 12 வருடம் பழகிய அளவு அது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்குச் சுமார் 1 கலோரி செலவிடுகிறார் (சாப்பாட்டுப் பொட்டலத்தில் போடும் அதே கலோரிதான்). நின்றபடி லேசான வேலை என்றால் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு, சுமை தூக்கி நடந்தால் ஐந்து மடங்கை ஒட்டி வரும். சுமார் 80 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் லோடு தூக்கினால் 400 கலோரி, அதே நேரம் நின்று மேற்பார்வை பார்த்தால் 160. வித்தியாசம் 240. நீங்கள் இழந்தது ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேர லோடு வேலை என்று வைத்துக்கொண்டால்கூட இதுதான் கணக்கு.

இதில் முழுத் தொகையும் உடலில் சேர்வதில்லை. 2021-இல் 1,700-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் ஆற்றல் செலவு அளவுகளை அலசியபோது, அசைவால் கூடுதலாகச் செலவாகும் ஆற்றலில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறு இடத்தில் மிச்சம் பிடித்து ஈடுகட்டிக்கொள்வதாகத் தெரிந்தது. அதைக் கழித்தால் 240-இல் மீதி 170 சொச்சம். அப்புறம் கெவின் ஹால் குழு 2011-இல் தந்த ஒரு தோராய விதி உண்டு. ஒரு நாள் ஆற்றல் கணக்கில் நிரந்தரமாக 24 கலோரி மாறினால், முடிவில் எடை சுமார் ஒரு கிலோ மாறும். அதில் பாதி மாற்றம் முதல் வருடத்திலும், கிட்டத்தட்ட முழு மாற்றமும் மூன்று வருடத்திலும் நடந்துவிடும். 170-ஐ 24-ஆல் வகுத்தால் ஏழு கிலோ. உங்களுக்கு ஏறியது எட்டு, எடுத்துக்கொண்ட காலம் மூன்று வருடம். தற்செயலாகவும் இப்படிப் பொருந்தலாம், நான் போட்டது சராசரி எண்களை வைத்து. ஒரு மணி நேர வேலை மாற்றம் இந்த அளவு எடை ஏற்றத்துக்குத் தாராளமாகப் போதும் என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன். நீங்கள் சோம்பேறியாகிவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

"ஆனால் நான் இப்போதும் நின்றுகொண்டுதானே இருக்கிறேன்?" என்பீர்கள். வேலை எதுவும் செய்யாமல் சும்மா நிற்பது காலுக்குக் களைப்பு தரும், கலோரியைப் பெரிதாகச் செலவழிக்காது. 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உட்காருவதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதல். 65 கிலோ உள்ளவர் ஆறு மணி நேரம் உட்காராமல் நின்றால் கிடைப்பது 54 கலோரி. மாலையில் கால் கடுத்து வீடு திரும்பும்போது "இன்று நிறையச் செலவாகியிருக்கும்" என்று தோன்றுவது இயல்பு. வலியும் களைப்பும் ஆற்றல் செலவின் அளவுகோல் அல்ல என்பதை என் நோயாளிகளுக்குப் புரியவைக்க நான் மிகவும் சிரமப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் அவர்களுடைய களைப்பு முழுக்க முழுக்க உண்மையானது.

உங்கள் ஒருவருக்கு நடந்தது ஊர் உலகத்துக்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவைப் பற்றி 2011-இல் வந்த ஒரு ஆய்வின்படி, 1960-களின் தொடக்கத்தில் அங்குள்ள தனியார் துறை வேலைகளில் கிட்டத்தட்ட பாதி, மிதமான உடலுழைப்பையாவது கோரியவை. ஐம்பது வருடத்தில் அது 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு ஆள் வேலையில் செலவிடும் ஆற்றல் நாளுக்கு 100 கலோரிக்கு மேல் குறைந்தது. அந்த ஆய்வாளர்கள், மக்களின் எடை ஏற்றத்தில் பெரும்பங்கு இதனால்தான் என்றார்கள். அதே காலத்தில் சாப்பாடு மலிந்து பெருகியதே முழு ஏற்றத்தையும் விளக்கப் போதும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. என் கருத்தைக் கேட்டால், இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே சரியல்ல. வேலை குறைந்த நேரத்தில் சாப்பாடும் எளிதாகக் கிடைத்ததால்தான் இந்த வேகம்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான ஆதாரம் ஒன்று உண்டு, அதை மறைத்துவிட்டுப் போவது நியாயமில்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்சரும் கூட்டாளிகளும் 2012-இல் அளந்து வெளியிட்டார்கள். கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்தின் வித்தியாசத்திலிருந்து கணக்கிடும் முறை அது. இப்போதைக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. நாளெல்லாம் நடந்தும் தோண்டியும் வாழும் அவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேற்கத்திய நகரவாசிகளுடையதை ஒத்தே இருந்தது. அசைவு கூடக்கூட உடம்பு மற்ற செலவுகளைச் சுருக்கி, மொத்தத்தை ஒரு வரம்புக்குள் வைக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். அந்தச் சுருக்கம் எவ்வளவு என்பதில்தான் விவாதம். அவர் சொல்லும் அளவுக்குக் கடுமையானது என்று நான் ஏற்கவில்லை, நான் மேலே பயன்படுத்திய 28 சதவீதமே அதற்குக் காரணம். ஆனால் கூடுதல் உழைப்பை மட்டும் வைத்துக்கொண்டு எடையைக் குறைக்க முயன்றால் பலருக்கும் ஏமாற்றமே மிஞ்சும் என்பதில் சந்தேகம் இல்லை.

சரி, மைத்துனர் விஷயம். 1999-இல் ஜேம்ஸ் லெவைன் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல் சாப்பாடு, சேர்ந்த கொழுப்போ ஒருவருக்கு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. வித்தியாசத்தின் பெரும்பகுதியை விளக்கியது, பயிற்சியல்லாத சின்னச் சின்ன அசைவுகள்தான். எழுவது, நடப்பது, காலாட்டுவது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது போன்றவை. சிலருடைய உடம்பு கூடுதலாகச் சாப்பிட்டதும் தானாகவே கூடுதலாக அசைகிறது. உங்கள் மைத்துனர் அப்படிப்பட்டவராக இருக்கலாம், இயல்பிலேயே பசி குறைந்தவராகவும் இருக்கலாம். அவர் ஒல்லியாக இருப்பதால் நாள் முழுக்க உட்காருவது அவருக்குக் கெடுதல் செய்யாது என்று அர்த்தமில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்து 2016-இல் வந்த ஒரு அலசலின்படி, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண ஆபத்தைச் சரிக்கட்ட 60 முதல் 75 நிமிட மிதமான உடற்செயல்பாடு தேவைப்பட்டது. அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

இப்போது டாக்டரிடம் நீங்கள் கேட்ட கேள்வி. அவர் சிரித்திருக்கக் கூடாது, அது அறிவுள்ள கேள்வி. உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான செயல்பாட்டையும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் கேட்கிறது. வேலையில் செய்வதும் இதில் சேரும் என்றே அது சொல்கிறது. ஆக, லோடு தூக்கிய காலத்தில் உங்கள் வேலை கணக்கில் வந்தது. இப்போதைய மெதுநடையும் நிற்பதும் பெரும்பாலும் மிதமான அளவை எட்டாது. மூச்சு சற்று வாங்க வேண்டும், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற நிலை, அதுதான் மிதமான அளவு. உங்கள் டூட்டியில் ஒரு நாளில் எத்தனை நிமிடம் அப்படி இருக்கிறது என்று நீங்களே கவனித்துப் பாருங்கள்.

இதில் ஒரு புதிரும் உண்டு. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவாகவும், வேலையில் அதிகம் உழைப்பவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தன. வேலையில் உழைப்பது மணிக்கணக்கில் நீள்கிறது, ஒரே மாதிரி தூக்குவதும் குனிவதும் தொடர்கிறது, நினைத்தபோது நிறுத்தி ஓய்வெடுக்க முடிவதில்லை, ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் நெடுநேரம் உயர்ந்தே இருக்கின்றன என்பது ஒரு விளக்கம். கடினமான உடலுழைப்பு செய்பவர்களுக்கு வருமானமும் மருத்துவ வசதியும் குறைவு, புகைப்பழக்கம் அதிகம், புள்ளியியலால் அவற்றை முழுவதும் கழிக்க முடியவில்லை என்பது இன்னொரு விளக்கம். நான் இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுக்கிறேன், ஆனால் முதலாவதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. முதுகும் முழங்காலும் தேய்ந்து, மார்புத் தசை வலிமையும் மூச்சுத் திறனும் வளராமல் போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். வேலை உடம்பை ஒரு பக்கமாகவே பயன்படுத்துகிறது. நீங்கள் திட்டமிட்டுச் செய்யும் பயிற்சி அந்த மற்றப் பக்கத்துக்கு.

நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் ஒரு வாரம் அளந்து பாருங்கள். போனில் காலடி எண்ணுவது போதும், விடுமுறை நாளையும் சேர்த்து. உடலுழைப்பு செய்பவர்கள் பலருக்கு விடுமுறை நாளில் எண்ணிக்கை அடியோடு சரிந்துவிடும், சாப்பாடு அன்றுதான் கூடும். அடுத்தது சாப்பாடு. பட்டினி வேண்டாம். நாளுக்கு 200 கலோரி அளவு குறைத்தால் போதும். பழைய வேலைக்கென்று பழகிய இரண்டாவது பரிமாறலையும், இடைவேளையில் குடிக்கும் இனிப்புப் பானங்களையும்தான் நான் முதலில் குறைக்கச் சொல்வேன். மூன்றாவது, வேலைக்கு வெளியே வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிட வேக நடை. டூட்டி முடிந்து கால் வலியோடு நடக்கச் சொல்வது கொடுமை என்று தெரியும். அதனால் வேலைக்குக் கிளம்பும் முன்போ, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தோ நடங்கள். பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் பயனில்லை என்ற பழைய நிபந்தனையையும் 2020-இல் எடுத்துவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் வலுப் பயிற்சி செய்யும்போது, வேலை ஏற்கெனவே களைப்பூட்டிய தசைகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். முதுகு பிரச்சினை இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு முறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நைட் ஷிப்ட் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. சூப்பர்வைசர் ஆன பிறகு ஷிப்ட் மாறியிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களிடம் உடல்பருமன் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதும் சோதனைகளில் தெரிந்தது.

இங்கிருந்து என்னால் செய்ய முடியாததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் எட்டுக் கிலோவில் எவ்வளவு கொழுப்பு என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. பல வருடம் சுமை தூக்கியவருக்குத் தசை அதிகம் என்பதால் உயரம்-எடைக் கணக்கு கொஞ்சம் தவறாகக் காட்டலாம். ஆனால் சுமை தூக்குவதை நிறுத்திய பிறகு ஏறிய எடை தசையாக இருக்க வாய்ப்பு குறைவு. தொப்புள் மட்டத்தை ஒட்டி வயிற்றைச் சுற்றி ஒரு நாடாவை வைத்து அளந்து பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதுதான் பரவலாகப் பயன்படுத்தும் எல்லை. அதைத் தாண்டியிருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சில சர்க்கரை நோய் மருந்துகள் எடையை ஏற்றும். அப்படி எதையாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால், நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "என் வேலையே பயிற்சிதானே" என்று தொடங்காமல், "மூன்று வருடத்துக்கு முன் லோடு வேலையிலிருந்து மேற்பார்வைக்கு மாறினேன், அதன் பிறகுதான் எடை ஏறியது" என்று தொடங்குங்கள். ஒரு வாரக் காலடிக் கணக்கையும் வயிற்றளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.